பதினான்கு நாற்காலிகளிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இதுதான்: ஒரு வழக்கறிஞர், 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழில் வரலாறும் குடிமையியலும் சேர்ந்த புத்தகம் எழுத நினைக்கிறார். எங்கே தொடங்குவது, வழக்கறிஞர்கள் எழுதும்போது எங்கே சறுக்குகிறார்கள், தொழில் விதிகள் இதற்கு இடம் தருகின்றனவா என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். விளம்பரத் தடைக்கும் முழுநேர வேலைத் தடைக்கும் உட்பட்டு, வழக்கறிஞர் பத்திரிகைத் துறையிலும் ஒலிபரப்பிலும் ஈடுபடலாம், சட்டமோ வேறு பாடமோ கற்பிக்கலாம் என்கிறது இந்திய பார் கவுன்சிலின் 51ஆம் விதி. ஆகவே புத்தகம் எழுதுவதில் சிக்கல் இல்லை. கவனிக்க வேண்டியது 36ஆம் விதி: நேரடியாகவோ மறைமுகமாகவோ வழக்குப் பிடிக்க விளம்பரம் செய்யக் கூடாது. பின்னட்டையில் ‘வழக்கறிஞர்’ என்று இருக்கலாம். அலுவலக முகவரி, தொலைபேசி எண், ‘இன்னின்ன வழக்குகளில் வென்றவர்’ என்பதெல்லாம் வேண்டாம். பதிப்பாளர் ஆர்வத்தில் சேர்த்துவிடுவார். அச்சுக்குப் போகும் முன் பின்னட்டையை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். உங்கள் கட்சிக்காரர் வழக்கைப் பெயர் மாற்றிக்கூடக் கதையாக்காதீர்கள். ஊரும் தகராறும் தெரிந்தவர்களுக்கு ஆளைக் கண்டுபிடிப்பது எளிது, அவர் உங்களிடம் சொன்னதை வெளியே சொல்ல உங்களுக்கு உரிமையும் இல்லை. வெளியான தீர்ப்புகளே வேண்டிய அளவு கிடக்கின்றன.

இனி எழுத்துக்கு வருவோம். வழக்கறிஞர்கள் எழுதும் முதல் அத்தியாயம் பெரும்பாலும் ‘அரசியலமைப்பு என்றால் என்ன?’ என்றுதான் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். அந்த வரையறையைப் பள்ளிப் பாடநூலே சொல்லிக்கொடுத்து, தேர்விலும் கேட்டுவிடுகிறது. பாடநூலாசிரியருக்கு வாய்க்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு சட்டப்பிரிவுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றப் படியேறியிருக்கிறார் என்பது உங்களுக்கு அன்றாட அனுபவம். வழக்கிலிருந்து தொடங்கிப் பிரிவுக்குப் போங்கள். பிரிவிலிருந்து தொடங்கினால் பிள்ளை இரண்டாவது பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடும்.

ஒரு வழக்கை எடுத்து முழுதாகப் பார்ப்போம்: செண்பகம் துரைராஜன் வழக்கு. சென்னையில் தொடங்கி நாட்டின் முதல் அரசியலமைப்புத் திருத்தம் வரை போன வழக்கு இது. வரலாறும் குடிமையியலும் தனித்தனிப் பாடம் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது அரிது.

முதல் பக்கத்தில் 14 நாற்காலிகளை வரையச் சொல்லுங்கள். அன்றைய சென்னை மாகாண அரசாணைப்படி, மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களும் இப்படிப் பங்கிடப்பட்டன: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. நாற்காலிகளுக்கு வண்ணம் தீட்டினால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். விழுக்காட்டில் சொல்லாதீர்கள். 14இல் 2 என்பது கண்ணுக்குத் தெரியும், 14.3 விழுக்காடு தெரியாது. ‘ஹரிஜன்’ என்பது அந்த அரசாணை பயன்படுத்திய சொல், இன்று நாம் பட்டியல் சாதியினர் என்கிறோம் என்று அதே பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இந்த வரியை விட்டால் பிள்ளை அந்தச் சொல்லை வகுப்பில் அப்படியே எடுத்துப் பேசும், அங்கே இன்னொரு பிள்ளை காயப்படும்.

அடுத்த பக்கத்தில் மனு. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் கல்வி நிறுவனத்தில் மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி எந்தக் குடிமகனுக்கும் இடம் மறுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 29(2), இது அடிப்படை உரிமை. நலிந்த பிரிவினரின் கல்வி நலனை அரசு தனிக் கவனத்தோடு பேண வேண்டும் என்கிறது 46, இது அரசுக்கு வழிகாட்டும் நெறி. மருத்துவ இடம் கேட்ட பிராமணப் பெண்ணான செண்பகம் முன்னதைப் பிடித்துக்கொண்டார், அரசு பின்னதை. 1950 ஜூலை 27 அன்று சென்னை உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் அரசாணை செல்லாது என்றனர். அடிப்படை உரிமையும் வழிகாட்டும் நெறியும் மோதினால் அடிப்படை உரிமையே நிற்கும் என்பது அன்றைய தீர்ப்பு. தமிழ்நாட்டில் பெரியார் தலைமையில் கிளர்ச்சி எழுந்தது. 1951 ஜூன் 18 அன்று, பிற்படுத்தப்பட்டோருக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்னும் 15(4), முதல் திருத்தத்தின் வழியே அரசியலமைப்பில் சேர்ந்தது. தீர்ப்புக்கும் திருத்தத்துக்கும் இடையே சரியாக 70 நாள். நாடு முதல் பொதுத்தேர்தலைக்கூட அப்போது பார்த்திருக்கவில்லை. இந்த 70ஐப் பிள்ளையே விரல்விட்டு எண்ணட்டும்.

இந்த வழக்கை எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகள் மூன்று. கதையை 1950இல் தொடங்குவது முதலாவது. அப்படித் தொடங்கினால் அரசாணை யாரோ திடீரென்று போட்ட தடைபோலத் தெரியும். 1921இல் நீதிக்கட்சி அரசு வெளியிட்ட முதல் வகுப்புவாரி ஆணைக்கும், 1928இல் அமைச்சர் முத்தையா முதலியார் அதைச் செயல்படுத்தியதற்கும் பின்னோக்கிப் போக வேண்டும். அரசுப் பணிகளில் யார் நிறைந்திருந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்று அரைப்பக்கம் சொல்ல வேண்டும். இரண்டாவது பிழை, பக்கம் சாய்வது. மனுதாரரை வில்லியாக்குகிறார்கள், அல்லது அரசாணையை வில்லனாக்குகிறார்கள். இடஒதுக்கீட்டில் உங்களுக்கு உறுதியான கருத்து இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும் வலுவோடு எழுதிக்காட்டிய பிறகுதான் உங்கள் கருத்துக்கு மதிப்பு. நீதிமன்றத்தில் தினமும் செய்கிற வேலைதான் இது.

மூன்றாவது பிழை, இடறலான உண்மையை மறைப்பது. செண்பகம் அந்த மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. விசாரித்தபோது இடம் கிடைக்காது என்று தெரிந்துகொண்டு வழக்குக்கு வந்தார். இதைத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. பொறியியல் இடம் கேட்ட இன்னொரு மனுதாரர் விண்ணப்பித்திருந்தார். கதை கெட்டுவிடும் என்று பயந்து இதை வெட்டிவிடுகிறார்கள். வெட்டாதீர்கள். ‘விண்ணப்பிக்காமலே வழக்குப் போடலாமா?’ என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். யாருக்கு வழக்காட உரிமை உண்டு என்ற பெரிய கேள்வியின் வாசல் அது. அந்தக் காரணத்துக்காக மனு தள்ளப்படவில்லை என்பதையும் சொல்லிவிட்டு, மீதியை வகுப்பு விவாதத்துக்கு விடுங்கள்.

இதே முறையில் எழுத இன்னும் பல வழக்குகள் உண்டு. சிறுவர்களையே நடுவில் நிறுத்தும் வழக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். கேரளத்தில் 1985இல் மூன்று உடன்பிறப்புகள் பள்ளியில் நாட்டுப்பண் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் சமய நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பிஜோ எம்மானுவேல் வழக்கு என்று இதற்குப் பெயர். எழுந்து நிற்பதும் பாடுவதும் ஒன்றா என்று வகுப்பறையில் கேட்டுப் பாருங்கள், பேசாத பிள்ளையும் பேசும்.

வழக்கே இல்லாத வரலாற்றிலும் இந்த முறை செல்லும். முதல் பொதுத்தேர்தலை ‘17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்கள்’ என்று தொடங்கினால் எண் மட்டும் நிற்கும். ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது என்று தொடங்குங்கள். சொந்தப் பெயரைச் சொல்லாமல் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்று மட்டும் பதிந்துகொண்டவர்கள் அவர்கள். அப்படிப் பதிவதை அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஏற்கவில்லை. பெயருக்கும் வாக்குக்கும் என்ன தொடர்பு என்று பிள்ளையே யோசிக்கத் தொடங்கிவிடும்.

இனி, வழக்கறிஞர்களின் பெரிய சறுக்கல்: விதிவிலக்கு. நீதிமன்றத்தில் ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். அந்தப் பயம் புத்தகத்துக்குள்ளும் வந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூன்று ‘எனினும்’ ஒட்டிக்கொள்ளும். அரசியலமைப்பின் 22(2)ஐ ஒருவர் இப்படி எழுதுவார்: ‘கைது செய்யப்பட்டுக் காவலில் வைக்கப்பட்ட ஒவ்வொருவரும், கைது செய்யப்பட்ட இடத்திலிருந்து நடுவர் நீதிமன்றத்துக்கு வருவதற்கான பயண நேரம் நீங்கலாக, மேற்படி கைதிலிருந்து இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அருகிலுள்ள நடுவர் முன்பு முன்னிலைப்படுத்தப்பட வேண்டும்.’ இதையே இப்படி எழுதலாம்: ‘போலீஸ் ஒருவரைக் கைது செய்தால், 24 மணி நேரத்துக்குள் பக்கத்திலுள்ள மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வழிப்பயண நேரம் இந்தக் கணக்கில் சேராது. அதற்கு மேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும்.’ பொருள் ஒன்றும் குறையவில்லை. முதலாவதில் யார் செய்ய வேண்டும் என்பதே தெரியவில்லை, இரண்டாவதில் போலீஸ் என்ற எழுவாய் முன்னால் வந்து நிற்கிறது. ‘செய்யப்பட்ட’, ‘வைக்கப்பட்ட’, ‘நிறுத்தப்பட வேண்டும்’ என்று வரும் இடமெல்லாம் யார் செய்தார் என்று தேடி எழுதுங்கள்.

எந்த விதிவிலக்கை வைப்பது, எதை விடுவது என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. அதை விட்டால் பிள்ளை உலகத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளுமா? 22க்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு: பகை நாட்டவர், தடுப்புக் காவல் (ஒருவர் இனிமேல் ஏதாவது செய்துவிடக் கூடாதே என்று முன்கூட்டியே சிறை வைப்பது). முதலாவதை விடலாம். இரண்டாவதை விடவே கூடாது. விட்டால், இந்தியாவில் 24 மணி நேரத்துக்குமேல் யாரையும் நீதிமன்றத்துக்குக் காட்டாமல் வைத்திருக்க முடியாது என்று நம்பிவிடும், அது பொய். ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம் என்ற 1950ஆம் ஆண்டு வழக்கை அங்கே கொண்டுவாருங்கள். தன்னைச் சிறை வைத்ததற்கான காரணத்தை, சிறைப்பட்டவர் நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக் கூடாது என்று ஒரு பிரிவு அன்றைய தடுப்புக் காவல் சட்டத்தில் இருந்தது. அந்த ஒரு பிரிவை உச்ச நீதிமன்றம் நீக்கியது. சட்டத்தின் மற்றப் பகுதி தப்பியது, கோபாலன் தோற்றார். நீதிபதி பசல் அலி மட்டும், உயிரையும் தனிமனித விடுதலையையும் காக்கும் 21ஐயும் பேச்சு, நடமாட்டம் போன்ற சுதந்திரங்களைத் தரும் 19ஐயும் தனித்தனித் தீவாகப் பார்க்கக் கூடாது என்று மாறுபட்டு எழுதினார். 28 ஆண்டுகள் கழித்து, 1978இல் மேனகா காந்தி வழக்கில் நீதிமன்றம் அந்தப் பார்வைக்கே வந்து சேர்ந்தது. சிறுபான்மைத் தீர்ப்பு என்று ஒன்றை ஏன் எழுதி வைக்கிறார்கள் என்று விளக்க இதற்கு மேல் ஒரு பத்தியும் வேண்டாம்.

சொற்கள். ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்பதையும் ‘குற்றவாளி’ என்பதையும் புத்தகம் முழுக்க ஓரிடத்திலும் குழப்பாதீர்கள். செய்தித் தலைப்புகளில் இரண்டும் கலந்துதான் வருகின்றன. இந்த ஒரு வேறுபாட்டைப் பிள்ளை கற்றுக்கொண்டால் நீங்கள் எழுதியது வீண் போகவில்லை. ‘அரசியலமைப்பு’, ‘அரசமைப்பு’, ‘அரசியல் சாசனம்’ மூன்றும் வழக்கில் உண்டு. பாடநூலில் பிள்ளை பார்த்த சொல்லை எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் ஒருமுறை அறிமுகப்படுத்துங்கள். அரசியலமைப்பின் ஆர்ட்டிகிள், மற்றச் சட்டங்களின் செக்‌ஷன் இரண்டையும் தமிழ்ச் செய்தித்தாள்கள் ‘பிரிவு’ என்றே எழுதுகின்றன. அதனால் ‘பிரிவு 21’ எந்தச் சட்டத்தினுடையது என்று ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ‘ஆட்கொணர்வு மனு’ போன்ற அழகான சொற்கள் தமிழில் இருக்கின்றன. ஆளைக் கொண்டுவா என்று சொல்லுக்குள்ளேயே பொருள் இருக்கிறது, அதை உடைத்துக் காட்டுங்கள். ‘மேற்படி’, ‘மேலும்’, ‘இதன்பொருட்டு’ மூன்றையும் கணினியில் தேடி நீக்கிவிடலாம்.

காலாவதியான தகவல் இந்த வகைப் புத்தகங்களின் தீராத நோய். 144 தடை உத்தரவு என்று ஊரே சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் அது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவு. சினிமாவால் புகழ்பெற்ற மோசடிப் பிரிவு 420, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. பழைய எண்ணையும் விடாதீர்கள், வீட்டில் பெரியவர்கள் அந்த எண்ணைத்தான் சொல்வார்கள். முகப்புரையில் பலர் ஒரே மாதிரி தடுக்கி விழுகிறார்கள்: கையால் எழுதிய மூலப்படியின் புகைப்படத்தைப் போட்டுப் பக்கத்தில் இன்றைய வாசகத்தை அச்சிடுகிறார்கள். ‘சமதர்ம’, ‘மதச்சார்பற்ற’, ‘ஒருமைப்பாடு’ ஆகியவை 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தில் வந்தவை, புகைப்படத்தில் இருக்காது. கூர்மையான பிள்ளை கண்டுபிடித்துவிடும். அதையே ‘ஆறு வித்தியாசம்’ போன்ற ஒரு விளையாட்டாக வைத்துவிடுங்கள். இந்தி தேசிய மொழி என்று எழுதாதீர்கள், அரசியலமைப்பின் 343 அதை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்று மட்டுமே சொல்கிறது. சொத்துரிமை 44ஆவது திருத்தத்துக்குப் பிறகு அடிப்படை உரிமை இல்லை. வாக்களிக்கும் வயது 21ஆக இருந்து, 61ஆவது திருத்தத்தால் 1989இல் 18 ஆனது. அரசியலமைப்பு முழுதும் 1950 ஜனவரி 26 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது என்பதும் சரியில்லை: குடியுரிமை, தேர்தல் ஆணையம் தொடர்பானவை உட்படச் சில பிரிவுகள் 1949 நவம்பர் 26 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டன, 394 இதைச் சொல்கிறது.

வயதைப் பற்றி ஒரு முழுப்பக்கம் ஒதுக்குங்கள், சட்டத்துக்குள் பிள்ளை நுழையும் கதவு அதுதான். 6 முதல் 14 வரை கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி, 14க்குக் கீழ் வேலைக்கு வைக்கத் தடை, 18க்குக் கீழ் ஆபத்தான தொழில்களில் தடை, 18இல் வாக்கு, 21இல் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம், 25இல் சட்டமன்றமும் மக்களவையும், 30இல் மாநிலங்களவை, 35இல் குடியரசுத் தலைவர். ஒரு ஏணிப் படம் போதும்.

மூலங்களைப் பொறுத்தவரை, தீர்ப்பை அப்படியே எடுத்தாளலாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(q) அதை அனுமதிக்கிறது, நீதிமன்றம் வெளியிடத் தடை விதித்திருந்தால் மட்டும் முடியாது. ஆனால் சட்ட இதழ்கள் தீர்ப்பின் தலையில் போடும் சுருக்கக் குறிப்பு அவர்களுடைய சொத்து. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோதக் வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் இந்த எல்லையை வகுத்துக் காட்டியிருக்கிறது. வழக்கறிஞர்களுக்கு அந்தச் சுருக்கத்தைப் படித்தே பழகிவிட்டதால் அதையே மொழிபெயர்த்து வைத்துவிடுகிறார்கள். தீர்ப்பின் உடலைப் படித்து உங்கள் சொல்லில் எழுதுங்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய புகைப்படங்களும் இலவசம் இல்லை, வெளியானதிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. அரசியல் நிர்ணய சபை விவாதங்களைத் தேதியோடு மேற்கோள் காட்டுங்கள். அங்கே 15 பெண் உறுப்பினர்கள் இருந்தார்கள். துர்காபாயும் அம்மு சுவாமிநாதனும் தாட்சாயணி வேலாயுதனும் சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள். அவர்கள் பேசிய பக்கங்களை ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளை படிக்க வேண்டும்.

சிறார் தொடர்புடைய வழக்கில் மிகுந்த கவனம் வேண்டும். இளஞ்சிறார் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவு, சட்டத்தோடு முரண்பட்ட சிறார் (குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் சிறார்), பாதிக்கப்பட்ட சிறார் ஆகியோரின் பெயர், முகவரி, பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய தீர்ப்பிலோ செய்தியிலோ பெயர் வந்துவிட்டது என்பதற்காக நீங்களும் போடக் கூடாது.

அச்சு வேலையில் சுருக்கமாகச் சில: 16 பக்கம் ஒரு பாரம் (ஒரே தாளில் அச்சாகும் தொகுதி), ஆகவே 64 அல்லது 80 பக்கமாகத் திட்டமிடுங்கள். படம் உள்ள பக்கத்தில் 120 முதல் 150 சொற்கள் போதும். தமிழ்ச் சொல் நீளம், 14 புள்ளிக்குக் கீழே எழுத்தைச் சிறிதாக்காதீர்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் செய்து பார்க்க ஒன்று கொடுங்கள், வினாத்தாள் வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஊராட்சிக்கு ஒரு கேள்வி அனுப்பலாம்: எங்கள் தெருவில் கடந்த ஆண்டு எத்தனை விளக்குகள் மாற்றினீர்கள், எவ்வளவு செலவு? குடிமகன் என்பதுதான் தகுதி, வயதில்லை. பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். கிராம சபைக்குப் போய் உட்கார்ந்து பார்க்கச் சொல்லலாம், தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும்.

கைப்பிரதி முடிந்ததும் உங்களுக்குத் தெரியாத நான்கைந்து பிள்ளைகளை உரக்கப் படிக்க வையுங்கள். நீங்கள் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து, நாக்குத் தடுக்கும் இடத்தில் ஒரு கோடு, கேள்வி கேட்கும் இடத்தில் ஒரு வட்டம் போடுங்கள். கோடு போட்ட வாக்கியத்தை உடைக்க வேண்டும். வட்டமிட்ட கேள்விக்கு அதே பக்கத்தில் பதில் சேர்க்க வேண்டும். சொந்தப் பிள்ளைகளை வைத்துச் சோதிக்காதீர்கள், சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் பேசியதைக் கேட்டே அவர்களுக்குப் பாதி தெரிந்திருக்கும்.

உரிமைப் பக்கத்தில் ‘இந்நூலில் உள்ள சட்ட நிலவரம் இந்தத் தேதி வரையிலானது’ என்று நாள், மாதம், ஆண்டோடு அச்சிடுங்கள். புத்தகம் வந்தபின் ஒரு பிரதியை மேசையில் வைத்துக்கொண்டு, புதுத் திருத்தமோ தீர்ப்போ வரும்போதெல்லாம் அந்தந்தப் பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். பிள்ளைகளும் ஆசிரியர்களும் எழுதிக் கேட்பதையும் அங்கேயே எழுதுங்கள். அடுத்த அச்சுக்கு அந்தப் பிரதிதான் மூலம்.